கீழ்த்திசையிலிருந்து வந்த மூவர்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று அமைப்பாளர்கள் பணித்தபோது, கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நொய்யலாறு இக்கட்டுரையின் இறுதியில் வரத்தான் போகிறது. ஆனால் அதற்கு முன்னர் நாம் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரம் வரை சென்று மீள வேண்டியிருக்கிறது. காரணம், ஒரு பெண்மணி கேட்ட கேள்வி.

ஆடி மாதத்தில் ஒருநாள் நெருப்பெரிச்சலில் உள்ள நண்பரொருவரின் பிரிண்டிங் பட்டறைக்குச் சென்றிருந்தேன். ஆடியிலும் ஆவணியிலும் நம் ஊரில் கிறித்துமசு பிறந்துவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழிப் பனியில் ஐரோப்பியக் குழந்தைகள் அணியப்போகும் பனியன்களுக்கு, புழுக்கத்தில் வியர்வை சொட்டச்சொட்ட நாம் சாயம் இழுத்துக்கொண்டிருப்போம். அன்று மேசையில் விரித்திருந்த பீசுகளில் மூன்று ஒட்டகங்கள், முடி தரித்த மூன்று உருவங்கள், மேலே வால் நீண்ட ஒரு விண்மீன். அச்சான பீசுகளைச் செக்கிங் செய்துகொண்டிருந்த பெண்மணி ஒருத்தி நண்பரைக் கேட்டார்: “இவங்க யாருங்ணா? ராசாவாட்டம் இருக்கறாங்க. எங்க போறாங்க?”

“ஏசு கொழந்தையாப் பொறந்தப்ப கும்பிடப் போன ராசாக்க, அம்மிணி. கெழக்க இருந்து போறாங்க.”

“கெழக்குன்னா நம்ம பக்கமுங்களா?”

நண்பர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் உடனே விடை சொல்லத் தெரியவில்லை. எந்தக் கிழக்கு என்ற அந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் நூல்களிலும் ஓவியப் படிகளிலும் அலைந்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் நான்கு நற்செய்தி நூல்களுள் மத்தேயு எழுதியது ஒன்றில் மட்டுமே இந்நிகழ்ச்சி உள்ளது. அதுவும் ஒரே அதிகாரத்தில், பன்னிரண்டு வசனங்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஏரோது மன்னன் காலத்தில் கிழக்கிலிருந்து சிலர் வருகின்றனர். விண்மீனைத் தொடர்ந்து குழந்தையைக் காண்கின்றனர். பொன்னும் தூபப் பொருளும் வெள்ளைப்போளமும் படைக்கின்றனர். வேறு வழியாகத் தம் நாடு திரும்புகின்றனர். அவ்வளவே. மூவர் என்று அங்கே இல்லை. அரசர் என்றும் இல்லை. பெயரும் இல்லை, ஒட்டகமும் இல்லை. மூலக் கிரேக்கத்தில் உள்ள சொல் ‘மாகோய்’ என்பது. பாரசீகத்தில் வானநூல் வல்ல குருமாரைக் குறிக்க வழங்கிய சொல் அது. தமிழில் பெயர்த்தவர்கள் இச்சொல்லிடம் வந்தபோது திகைத்திருக்க வேண்டும். நம்மில் பலர் வீட்டிலும் பள்ளியிலும் கண்ட பழைய மொழிபெயர்ப்பில் அவர்கள் ‘சாஸ்திரிகள்’ ஆயினர். கத்தோலிக்க வழக்கிலோ ‘ஞானிகள்’. மக்கள் வழக்கில் ‘மூன்று ராசாக்கள்’. சனவரி 6ஆம் நாள் கொண்டாடப்படும் திருநாளும் மூவரசர் திருநாளே. சாத்திரி, ஞானி, அரசன் என்று ஒரே ஆள் தமிழில் மூன்று கோலம் பூண்டுவிட்டார். மூவேந்தரைப் பாடிப் பழகிய நாட்டில் மூன்றாவது கோலம் நிலைத்ததில் வியப்பொன்றுமில்லை.

மத்தேயு விட்ட இடைவெளியைப் பின்வந்தோர் நிரப்பினர். காணிக்கை மூன்று, ஆகவே கொண்டுவந்தவரும் மூவர் என்றனர். வேற்று நாட்டு மன்னர் காணிக்கை கொண்டுவருவர் என்று பழைய சங்கீதங்களிலும் தீர்க்கதரிசன நூல்களிலும் இருந்தமையால் அவர்கள் மன்னராயினர். ஆறாம் நூற்றாண்டளவில் பெயர்களும் வந்துவிட்டன: காஸ்பர், மெல்கியோர், பல்தசார். இத்தாலியில் ராவென்னா நகரத்துத் தேவாலயச் சுவரில் அந்நூற்றாண்டின் வண்ணக்கல் ஓவியத்தில் இம்மூவரும் பாரசீகக் குல்லாயும் காற்சட்டையும் அணிந்து விரைந்து வருவதை இன்றும் காணலாம். அங்கே அவர்கள் தலையில் மணிமுடி இல்லை. பிற்காலத்தில் ஒருவர் முதியவர், ஒருவர் நடுவயதினர், ஒருவர் இளைஞர் என வயதாலும், ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா எனக் கண்டத்தாலும் பிரித்துவைத்தனர். 1164இல் இம்மூவருடையவை என்று நம்பப்பட்ட எலும்புகளைச் செருமானியப் பேரரசனின் ஆட்கள் மிலான் நகரிலிருந்து கொலோன் நகருக்கு எடுத்துச் சென்றனர். பொன்வேய்ந்த பேழையொன்றில் அவை அங்கே வைக்கப்பட்டுள்ளன. ஒரு வரியில் பெயரின்றி வந்தவர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்குள் முடியும் பெயரும் கல்லறையும் கிடைத்துவிட்டன. புலவர்களாகிய நமக்கு இது புதிதன்று. மூலம் மௌனம் காக்கும் இடத்தில்தானே காவியம் தொடங்குகிறது!

இனி ஓவியத்துக்கு வருவோம். மறுமலர்ச்சிக் காலத்தில் மூவரசர் வணக்கத்தைத் தீட்டாத பெரிய ஓவியர் அரியர். அவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது ஜென்டிலே டா பாப்ரியானோ என்பவர் 1423ஆம் ஆண்டு மே மாதம் முடித்து, அத்திங்களையும் ஆண்டையும் தம் பெயரோடு அடியில் பொறித்துவைத்த பலகை ஓவியம். இன்று பிளாரன்சின் உபீசி கலைக்கூடத்தில் உள்ளது. சட்டத்தோடு சேர்த்து ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம்.

இதன் படியை முதன்முறை பார்த்தபோது என் கண்ணில் பட்டது குழந்தையன்று, துணி. ஊர்ப் பழக்கம் போகுமா? நடுவில் நிற்கும் இளைய அரசனின் மேலாடை பொன்னிழையும் பட்டும் கலந்த கனத்த நெய்வு. அதன்மேல் பெரும்பெரும் பூங்கோலம். அவன் நிமிர்ந்து நிற்க, பணியாள் ஒருவன் குனிந்து அவன் குதிகாலில் மாட்டிய பொன்முள்ளைக் கழற்றுகிறான். நடுவயதினன் குனியத் தொடங்குகிறான். முதியவன் மணிமுடியைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டுக் குழந்தையின் பாதத்தருகே தலைதாழ்த்துகிறான். குழந்தையோ அந்த வழுக்கைத் தலைமேல் கையை வைத்துப் பார்க்கிறது. நின்றவன், குனிபவன், பணிந்தவன் என மூவரும் ஒரே வணக்கத்தின் மூன்று படிநிலைகள். மூன்று ஆளை நிறுத்தி ஒரு வினைச்சொல்லின் முக்காலத்தையும் காட்டிவிட்டார் ஓவியர். அன்னைக்குப் பின்னால் நிற்கும் இரு பெண்டிர் வந்த காணிக்கைக் கலத்தைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். நம் வீட்டுச் சீர்வரிசையிலும் இப்படி இருவர் இல்லாமலிருப்பதில்லை.

மீதி இடமெல்லாம் கூட்டம். குதிரைகள், வேட்டைநாய்கள், குரங்குகள், சிறுத்தை, ஒட்டகம், வல்லூறு ஏந்தியவர்கள். மேலே மூன்று வளைவுகளில் மலையேறி விண்மீனைக் காண்பதும், ஏருசலேமுக்குப் பயணம் போவதும், பெத்லகேமுக்குள் நுழைவதும் பின்னணியாக நீள்கின்றன. அந்த ஏருசலேம் இத்தாலியக் குன்றூர். கோட்டையும் அகழியும் தூக்குப்பாலமும் உடையது. இளைய அரசனுக்குப் பின்னால் வல்லூறு ஏந்தி நிற்பவர் ஓவியத்துக்குப் பொன் கொடுத்த பல்லா ஸ்ட்ரோசி என்பது நெடுநாளைய கருத்து. அன்றைய பிளாரன்சில் அவரினும் செல்வர் இல்லை என்று 1427இல் எடுக்கப்பட்ட வரிக்கணக்கு காட்டுகிறது. ஏழாண்டுகளில், 1434இல், மெதிச்சிக் குடும்பத்தாரின் கை ஓங்கியதும் அவர் நாடு கடத்தப்பட்டார். மீண்டும் பிளாரன்சைக் காணாமலே 1462இல் பாதுவா நகரில் இறந்தார். ஓவியத்தில் மட்டும் ஊர்வலத்தோடு இன்றும் நிற்கிறார்.

பிளாரன்சைப் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல். அது ஓவியத்தால் பிழைத்த ஊரன்று. துணியால் பிழைத்த ஊர். வடக்கிலிருந்து முரட்டுக் கம்பளித் துணியை வாங்கிவந்து, சாயமேற்றி, முடித்து, மடித்து, மீண்டும் அயல்நாட்டுக்கே விற்ற வணிகர் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. கம்பளி நெய்விப்போருக்கு வேறொரு பெரிய சங்கம். சாயப்பட்டறைகளும் சலவைத் துறைகளும் ஆர்னோ ஆற்றங்கரையில். 1378இல் கம்பளித் தொழிலின் கடைநிலைக் கூலியாட்கள் கிளர்ந்தெழுந்து சில வாரங்கள் நகர ஆட்சியையே கைப்பற்றினர். ஆறு, சாயம், ஏற்றுமதி, கூலி என இதையெல்லாம் படிக்கும்போது நான் எந்த ஊரைப் பற்றிப் படிக்கிறேன் என்று சிலமுறை மறந்துபோனேன். அந்நகரத்து வணிகர்க்கு மூவரசர்மேல் தனிப்பற்று இருந்ததன் காரணமும் எளிதில் விளங்கும். வேதத்தில் செல்வர்க்கு ஏச்சு மிகுதி. ஒட்டகமும் ஊசியின் காதும் என்ற உவமையை அறியாதார் யார்? செல்வத்தோடு வந்து, அச்செல்வத்தைக் கொடுத்து, ஏச்சு வாங்காமல் திரும்பியவர்கள் இந்த மூவரே. ஆகவே பிளாரன்சில் மூவரசர் பெயரால் ஒரு பக்திச் சங்கமே இருந்தது. திருநாளன்று நகரவீதிகளில் பெரிய ஊர்வலம் நடத்தினர். மெதிச்சிக் குடும்பத்தார் அதன் தூண்கள். 1459இல் அவர்கள் தம் மாளிகைச் சிற்றாலயச் சுவர் முழுவதும் மூவரசர் பவனியையே தீட்டச் செய்தனர். 1475ஐ ஒட்டிப் போத்திச்செல்லி தீட்டிய படத்திலோ அரசர் முகங்களே மெதிச்சி முகங்கள். வலப்பக்க ஓரத்தில் மஞ்சள் மேலாடையுடன் நம்மைத் திரும்பிப் பார்ப்பவர் ஓவியரே என்பர். பாட்டின் இறுதியில் தம் பெயரை முத்திரையடியாக வைக்கும் நம் கீர்த்தனைக்காரர்களின் நினைவு எனக்கு வந்தது. லியொனார்தோ 1481இல் இதே பொருளில் ஒரு பெரிய பலகையைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு மிலானுக்குப் போனார். அப்படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இக்கட்டுரையும் பாதியில் நிற்கும்.

ஜென்டிலேயின் படத்தில் கேள்விக்கு உரிய ஓரிடம் உண்டு. அன்னை மரியாளின் தலையைச் சூழ்ந்த பொன் ஒளிவட்டத்தை உற்று நோக்கினால் எழுத்துகள் போன்ற கோடுகள் ஓடுவது தெரியும். அவை அரபு எழுத்தின் சாயல். படிக்கப் பொருள் இல்லை, வடிவம் மட்டுமே. எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் வணிகர் கொண்டுவந்த பித்தளைத் தட்டுகளிலும் பட்டுக் கரைகளிலும் கண்ட எழுத்தை, கிழக்கின் புனிதமொழி இதுவே என்று கருதி ஓவியர் எழுதிவைத்தார். கிழக்கு என்பது அவருக்குத் திசையன்று, சரக்கு. கடைவீதிக்கு வந்துசேர்ந்த கிழக்கைத்தான் அவர் அறிவார்.

இதையே இன்னும் தெளிவாகக் காட்டுவது மாந்துவா அரசவையின் ஓவியர் மாந்தேன்யா 1500ஐ ஒட்டித் தீட்டிய படம். 1985இல் ஏலத்துக்கு வந்து இப்போது அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. பலகைமேல் அன்று, மெல்லிய ஆளிநார்த் துணிமேல் தீட்டியது. ஊர்வலமில்லை, குதிரையில்லை, குன்றில்லை. முகங்களும் கைகளும் மட்டும், ஒரு முழ தூரத்திலிருந்து பார்ப்பதுபோல. முதியவர் கையில் ஒரு சிறு கிண்ணம், அதனுள் பொற்காசுகள். அந்தக் கிண்ணம் வெள்ளையில் நீலப்பூ வரைந்த சீனப் பீங்கான். அன்றைய ஐரோப்பாவில் எவருக்கும் செய்யத் தெரியாத பொருள். அரசர் சிலரின் கருவூலத்தில் மட்டுமே இருந்தது. மற்றொருவர் கையில் துருக்கிய வேலைப்பாடுடைய தூபக்கலம். மூன்றாமவர் ஆப்பிரிக்கர், அவர் கையில் அகேட் கல்லில் கடைந்த கலம். காசைவிடக் காசு வைத்த கிண்ணம் விலையுயர்ந்தது! பொன் ஐரோப்பாவிலும் கிடைக்கும், அக்கிண்ணம் கிடைக்காது.

இந்நூற்றாண்டுகளில் ஐரோப்பியருக்கு ‘இந்தியா’ என்பது மூன்று. நுபியாவையும் அரபு நாட்டையும் சேர்த்து ஒரு இந்தியா, அப்பால் ஒன்று, அதற்கும் அப்பால் ஒன்று. ஹில்டெஸ்ஹைம் ஊரைச் சேர்ந்த யோவான் என்ற கார்மேல் சபைத் துறவி, 1364க்குப் பின் சில ஆண்டுகளுக்குள், மூவரசர் வரலாறு என்று இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். மூவரும் இந்தியாக்களின் அரசர்கள் என்பது அவர் கூற்று. காஸ்பர் ஆண்ட நாட்டைச் சொல்லும்போது, தோமையாரின் உடல் அடங்கியுள்ள இடமும் அவன் ஆட்சிக்கு உட்பட்டதே என்கிறார். பின்னாளில் தோமையார் இந்தியாவுக்கு வந்து முதுமையெய்திய அம்மூவருக்கும் திருமுழுக்கு அளித்தார் என்றும் கதை நீள்கிறது. தோமையார் மாகோய்களுக்குத் திருமுழுக்கு அளித்தார் என்ற செய்தி இதற்கும் பல நூற்றாண்டுக்கு முற்பட்ட மத்தேயு உரை ஒன்றிலேயே உண்டு. தோமையாரின் உடல் எங்கே? அதற்கு முன்பே மார்க்கோ போலோ சொல்லிவிட்டார்: மாபார் நாட்டில், கடலோரத்துச் சிற்றூரில் என்று. மாபார் என்பது நம் சோழமண்டல, பாண்டிய நாட்டுக் கரை. அச்சிற்றூர் மயிலாப்பூர்.

ஆக, பிரிண்டிங் பட்டறையில் எழுந்த கேள்விக்குப் பதினான்காம் நூற்றாண்டுத் துறவியொருவர் ‘ஆம், உங்கள் பக்கமே’ என்று விடை சொல்லிவிட்டார். இது கதை, வரலாறு அன்று. வரலாற்று ஆசிரியன் இதைக் கொண்டு மயிலையில் காஸ்பர் அரண்மனையைத் தேடப் புறப்படலாகாது. கேரளத்துப் பிறவம் ஊரில் மூவரசர் பெயரால் பழைய தேவாலயம் ஒன்று உண்டு; பெத்லகேமிலிருந்து திரும்பிய அரசர்களோடு தம் ஊரை இணைத்துச் சொல்லும் மரபு அங்கும் வழங்குகிறது. அதையும் மரபாகவே கொள்ள வேண்டும். ஆனால் கதைக்குக் கப்பலை நகர்த்தும் ஆற்றல் உண்டு. கிழக்கே கிறித்தவ அரசர் இருக்கின்றனர், பொன்னும் மிளகும் இருக்கின்றன என்ற நம்பிக்கையோடுதான் போர்ச்சுகீசியர் பாய் விரித்தனர்.

1498 மே மாதம் வாசுகோ ட காமாவின் கப்பல்கள் கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தன. அப்பயணத்தில் உடன்வந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. முதலில் கரையிறங்கிய ஆளிடம், இவ்வளவு தொலைவு எதைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டபோது, கிறித்தவரையும் நறுமணப் பொருளையும் தேடி என்று அவன் விடையிறுத்தான். அதற்குப் பிறகு நடந்தவைதான் என்னைத் திடுக்கிடச் செய்தவை. சாமூதிரியைக் காணச் செல்லும் வழியில் காமாவின் குழுவினரை ஒரு கோயிலுக்கு அழைத்துச் சென்றனர். கருவறை இருளுக்குள் ஓர் உருவம். அது மரியாள் என்று எண்ணி அவர்கள் முழந்தாளிட்டு வணங்கினர்! சுவர்களில் பல கைகளோடும் நீண்ட பற்களோடும் ‘புனிதர்கள்’ தீட்டப்பட்டிருந்ததையும், வெண்பொடியை நெற்றியில் இடக் கொடுத்ததையும் அந்நாட்குறிப்பு வியப்போடு பதிந்திருக்கிறது. அவர்களுள் ஒருவனுக்கு ஐயம் எழுந்து, இது பேயானால் நான் மெய்க்கடவுளையே வணங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டான் எனப் பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார். மேற்கிலிருந்து வந்த அறிஞர்கள், கிழக்கில், ஒரு தாயின் உருவத்துக்கு முன் மண்டியிட்டனர். ஜென்டிலேயின் படத்தைக் கண்ணாடியில் காட்டியதுபோல் இல்லையா!

காணிக்கை இல்லாமல் வணக்கம் ஏது? சாமூதிரிக்குக் கொடுக்கக் காமா எடுத்துவைத்தவற்றின் பட்டியலும் நாட்குறிப்பில் உண்டு. கோடு போட்ட துணி 12 உருப்படி. செந்நிறத் தலைமூடி 4. தொப்பி 6. பவளச்சரம் 4. கைகழுவும் வட்டில்கள் 6 அடங்கிய பெட்டி ஒன்று. சர்க்கரை ஒரு பெட்டி. எண்ணெய் 2 பீப்பாய், தேன் 2 பீப்பாய். பார்வையிட வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டனர். மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகன்கூட இதைவிட மிகுதியாகக் கொடுப்பான், கொடுப்பதானால் பொன்னாகக் கொடு என்றனர். பதினைந்து நூற்றாண்டுகளாகத் தொழுவத்துக்குப் பொன் சுமந்துசென்றதாகப் பாடப்பட்ட கிழக்கு, முதன்முறையாகத் தன் வாசலில் வந்து நின்ற மேற்கிடம், பொன் எங்கே என்று கேட்டது. இத்துணிகளைக் கண்டு சிரித்தவர்கள் துணியறிந்தவர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. சோழமண்டலக் கரைச் சரக்கும் கூர்ச்சரச் சரக்கும் நாள்தோறும் இறங்கிய துறை அது.

அந்தச் சிரிப்புக்குக் கொடுத்த விலையையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 1502இல் காமா பீரங்கிகளோடு மீண்டும் வந்தார். மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் நிறைந்த கப்பலொன்றைப் பிடித்து, பெண்டிரும் குழந்தைகளும் உள்ளிருக்கவே தீயிட்டார். கள்ளிக்கோட்டை நகரைக் குண்டுகளால் தாக்கினார். வணக்கக் காட்சி அத்தோடு முடிந்தது.

இதே ஆண்டுகளில், 1501க்கும் 1506க்கும் இடையில், போர்ச்சுகல் நாட்டு வைசெயு நகரப் பேராலயத்துக்கு ஒரு மூவரசர் ஓவியம் எழுதப்பட்டது. வாசுகோ பெர்னாந்திசு என்ற ஓவியரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. கருநிற அரசன் நிற்க வேண்டிய இடத்தில் தலையில் இறகுமுடியும் கையில் நீண்ட அம்புமாக ஒரு பிரேசில் பழங்குடி மகன் நிற்கிறான். 1500இல் கப்ரால் என்பவரின் கப்பல்கள் இந்தியாவுக்கு வரும் வழியில் பிரேசில் கரையைத் தொட்டன அல்லவா! அமெரிக்க மண்ணின் மைந்தன் ஐரோப்பிய ஓவியத்தில் தோன்றிய முதல் இடங்களுள் இது ஒன்று. நெடுங்காலமாக எதிர்பார்த்திருந்த இந்தியாவை நேரில் கண்ட பிறகு, காணிக்கை ஏந்திப் பணியும் வேடத்துக்கு இந்தியன் பொருந்தவில்லை போலும், வேறொருவனை நிறுத்திவிட்டனர். இது என் ஊகமே. ஆயினும் சிரித்தவனை மண்டியிட வைத்துத் தீட்டுவது எந்தத் தூரிகைக்கும் கடினம்தான்.

நம் இலக்கியத்துக்கும் இதற்கும் உள்ள உறவைச் சொல்லாவிட்டால் வட்டத்துக் கவிஞர்கள் என்னை விடமாட்டார்கள். மாந்தேன்யா ஓவியம் தீட்டிய மாந்துவா நகருக்கு அருகில் காஸ்திலியோனே என்ற சிற்றூர். அவ்வூரில் 1680இல் பிறந்தவர் கான்ஸ்தந்தீன் ஜோசப் பெஸ்கி. நாம் வீரமாமுனிவர் என்று அறிந்தவர். மூவரசர் ஓவியம் இல்லாத ஆலயம் அரிதான நாட்டிலிருந்து அவர் தமிழகம் வந்தார். தேம்பாவணி பாடினார், மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். சூசையப்பரைத் தலைவராக வைத்த அக்காவியத்தில் குழந்தையைக் காண வரும் மூவரசரும் உண்டு. நம் மரபில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்தார். அவர் பாடும் யூதேயாவில் மருத நிலமும் வயலும் வாவியும் உண்டு. பாலை நாட்டில் நெல் விளையுமா என்று கேட்ட திறனாய்வாளர் உண்டு. அவர்கள் ஜென்டிலேயின் ஏருசலேமில் தூக்குப்பாலம் இருப்பதைக் கண்டிருந்தால் இவ்வாறு கேட்டிருக்க மாட்டார்கள். இத்தாலியன் பெத்லகேமை இத்தாலியாக எழுதினான். தமிழனாக மாறிய இத்தாலியர் அதைத் தமிழகமாகப் பாடினார். ஓவியப் பள்ளியில் கற்ற உரிமையைப் புலவர் காப்பியத்தில் எடுத்துக்கொண்டார் என்பேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமுக்குக் குறவஞ்சி பாடியபோது அவ்வுரிமை இன்னும் ஒரு படி முன்னேறியது. அங்கே குறத்தியே வந்துவிட்டாள்.

இனி நொய்யல்.

மத்தேயு சொல்லும் காலம் உரோமப் பேரரசன் அகஸ்தசின் காலம். இயேசு வளர்ந்து போதித்ததும் சிலுவையில் இறந்ததும் அவனுக்குப் பின்வந்த திபேரியசின் காலம். இவ்விரு பேரரசரின் வெள்ளிக் காசுகள் உலகில் குவியல் குவியலாகக் கிடைக்கும் இடங்களுள் நம் கொங்கு நாடு ஒன்று. கோவைக்கு அருகில் வெள்ளலூரில் 1842இலும் அதன் பின்னும் கிடைத்தன. நமக்கு இன்னும் அருகில், நொய்யற்கரைக் கத்தாங்கண்ணியில், 1913இல் 200க்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. இராயனுடையதை இராயனுக்குக் கொடுக்கச் சொன்னபோது இயேசு வாங்கிப் பார்த்த காசு திபேரியசின் வெள்ளிக் காசு என்பது அறிஞர் பலரின் கருத்து. அதே வகைக் காசுதான் நம் மண்ணில் பானையோடு புதைந்திருந்தது. எதற்கு விலையாக வந்தது? படியூரில் வெட்டிய பச்சைக்கல்லுக்கு, மேற்கு மலையின் மிளகுக்கு, துணிக்கு. பதிற்றுப்பத்து பாடிய கொடுமணம் இன்றைய கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது மணிகள் செய்த பட்டறைகளின் எச்சமும், இரும்புக் கோல் செருகிய சுடுமண் தக்களியும் வெளிப்பட்டன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சு நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று உரோமில் பிளினி புலம்பி எழுதியது அதே முதல் நூற்றாண்டில்தான்.

ஓவியங்களில் பொன் கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டே இருக்கிறது. மண்ணைத் தோண்டினால் அது மேற்கிலிருந்து கிழக்கே வந்திருக்கிறது. தூபப் பொருளும் வெள்ளைப்போளமும் அரபு நாட்டிலும் சோமாலியக் கரையிலும் விளைபவை; அவை நமக்கும் இறக்குமதிச் சரக்கே. ஏரோதின் நாளில் ஒரு கொங்கு வணிகன் பெத்லகேம் வழியாகப் போயிருந்தால் அவன் கையில் பொன் இருந்திருக்காது. மிளகு இருந்திருக்கும், பச்சைக்கல் இருந்திருக்கும், மடித்த துணி இருந்திருக்கும். பொன்னை அவன் வாங்கப் போயிருப்பான்.

ஐப்பசியில் மீண்டும் அந்தப் பட்டறைக்குச் சென்றேன். மூவரசர் பீசுகள் பெட்டி கட்டிக் கப்பலேறிவிட்டிருந்தன. சட்டத்தைக் கழுவி வேறு படம் ஏற்றியிருந்தார்கள். அப்பெண்மணி அதே மேசையில் இருந்தார். அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடிக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, அரசர்கள் நம் பக்கமா என்பது தெரியவில்லை, ஆனால் அந்தக் காலத்துக் காசு நம் பக்கம் வந்திருக்கிறது, கத்தாங்கண்ணியில் தோண்டியெடுத்தார்கள் என்றேன்.

“கத்தாங்கண்ணியிலயுங்களா? எங்கம்மா ஊரு அதுக்குப் பக்கந்தானுங்க” என்றார் அவர். பிறகு, “அந்தக் காசெல்லாம் இப்ப எங்க இருக்குதுங்க?” என்று கேட்டார்.